மரங்களுக்கு ஒரு புத்தாண்டு

யூதர்களுக்கு ஆண்டுப் பிறப்பு ஒன்றல்ல, நான்கு. கி.பி. 200ஆம் ஆண்டளவில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற சட்டத் தொகுப்பு, இதை ஒரு கணக்கப்பிள்ளையின் தொனியில் சொல்கிறது. அரசர்களின் ஆட்சியாண்டையும் பண்டிகைகளையும் எண்ண நிசான் மாதம் முதலாம் நாள். கால்நடையில் பத்திலொரு பங்கு கொடுப்பதற்கு எலுல் முதலாம் நாள். பொது ஆண்டுக் கணக்குக்கும் காய்கறிக்கும் திஷ்ரி முதலாம் நாள். மரங்களுக்கு ஷெவாத் மாதத்தில் ஒரு நாள். அது முதலாம் நாளா, பதினைந்தாம் நாளா என்று ஷம்மாய் வழியினருக்கும் ஹில்லேல் வழியினருக்கும் வழக்கு இருந்தது. ஹில்லேல் வழியினரின் கருத்தே நிலைத்தது. எபிரேயத்தில் எழுத்துகளே எண்களும் ஆகும். பதினைந்தைக் குறிக்கும் இரண்டு எழுத்துகளைச் சேர்த்து வாசித்தால் ‘து’ என்று வரும். ஆகவே ‘து பிஷ்வாத்’ என்றால் ஷெவாத் பதினைந்து. எமது கணக்கில் தை மாதத்தை ஒட்டி வரும் பூரணை நாள்.

மரங்களுக்கு ஒரு புத்தாண்டு என்றால் கேட்பதற்குக் கவிதை மாதிரி இருக்கிறது. தொடக்கத்தில் அது ஒரு வரிக்கணக்கு நாள். அந்த நாளுக்கு முன் பிஞ்சு பிடித்த பழம் போன ஆண்டுக் கணக்கில் சேரும், பின் பிடித்தது புதிய ஆண்டுக் கணக்கில் சேரும். புதிதாக நட்ட மரத்தின் பழத்தை முதல் மூன்று ஆண்டுகள் உண்ணக் கூடாது என்ற விதிக்கும் மரத்தின் வயது தெரியவேண்டும். ஏன் அந்த நாளைத் தேர்ந்தார்கள் என்பதற்குத் தல்மூத் சொல்லும் காரணம் கமக்காரனின் காரணம்: அந்த ஆண்டு மழையில் பெரும்பகுதி அதற்குள் பெய்து முடிந்திருக்கும்.

கி.பி. 70இல் உரோமர்கள் எருசலேம் ஆலயத்தை அழித்தார்கள். பங்கு கொண்டுபோய்க் கொடுக்க ஆலயம் இல்லை. காலப்போக்கில் பெரும்பாலானவர்களுக்கு நிலமும் இல்லை. நாள் மட்டும் எஞ்சியது. இன்று அந்த நாளை ஆரவாரமாகக் கொண்டாடும் இடங்களில் முதன்மையானது முன்பள்ளி வகுப்பறை. ஒரு வரிக்கணக்கு நாள் எப்படிப் பிஞ்சு விரல்களுக்கும் ஈர மண்ணுக்கும் வந்து சேர்ந்தது? அந்த வழியில், ஊரை விட்டு வந்து பிள்ளை வளர்க்கும் எமக்குப் படிக்கவும் இருக்கிறது, எச்சரிக்கை கொள்ளவும் இருக்கிறது.

*

எனக்கு இதில் ஈடுபாடு வந்தது புத்தகத்தால் அல்ல. ரொறன்ரோவின் வட பகுதியில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்குக் கிட்ட ஒரு யூத சமூக நிலையத்தில் முன்பள்ளி இருந்தது. மற்றச் சமயத்துப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டார்கள். கணினி ஆலோசகர் வேலை என்றால் ஒவ்வொரு வாடிக்கையாளர் அலுவலகமாக ஓடித்திரியும் வேலை. காலையில் நேரத்துக்குத் திறக்கும் இடம் எதுவோ அதுவே எமக்கு நல்ல பள்ளி. மகள் மூன்று வயது முதல் ஐந்து வயது வரை அங்கே போனாள்.

அங்கே பாடப் புத்தகம் என்று ஒன்று இருக்கவில்லை. ஆண்டே பாடமாக இருந்தது. செப்டெம்பரில் அப்பிளை வெட்டித் தேனில் தோய்த்தார்கள். பிறகு முற்றத்தில் சுக்கா என்ற கொட்டில் எழும்பியது. அதன் கூரை மண்ணில் முளைத்துப் பின் வெட்டி எடுக்கப்பட்ட பொருளால் ஆனதாக இருக்கவேண்டும். உள்ளே வெயிலைவிட நிழல் கூடுதலாக இருக்கவேண்டும். ஆனாலும் இரவில் நட்சத்திரம் தெரிந்தால் நல்லது. பார்க்க வந்த என் அப்பா, “நட்சத்திரம் தெரியிற கூரையை ஊரில நாங்கள் ஒழுகிற கூரை எண்டெல்லோ சொல்லுவம்” என்றார். கிடுகு பின்னத் தெரிந்த மனிதருக்கு அதைத் தாங்க முடியவில்லை. அதே பண்டிகைக்குப் பேரீச்சங் குருத்து, மிர்ட்டல் கிளை, வில்லோ கிளை ஆகியவற்றோடு எத்ரோக் என்ற, நாரத்தைச் சாதிப் பழமொன்றும் வந்தது. அதன் நுனியில் உள்ள குமிழ் ஒடிந்தால் சடங்குக்கு ஆகாது. அதனால் பிள்ளைகள் அதை இரண்டு கையாலும் ஏந்தி முகர்ந்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு அடுத்த பிள்ளையிடம் கொடுத்தார்கள்.

டிசெம்பரில் ஒலிவ் காய்களைக் கல்லால் நசுக்கி எண்ணெய் கசிவதைப் பார்த்தார்கள். பஞ்சைத் திரியாகத் திரிக்க மகளுக்கு மட்டும் யாரும் காட்டிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அது அம்மம்மாவிடம் பழகியது. அடுத்து, கண்ணாடி யன்னலுக்கு வெளியே முழங்கால் அளவு பனி கிடந்த நாளில், மரங்களின் புத்தாண்டு வந்தது. வெளியே ஒரு மொட்டும் இல்லை. உள்ளே பிள்ளைகள் பிளாஸ்டிக் கோப்பைகளில் மண் நிரப்பிப் பார்ஸ்லி விதை போட்டார்கள்.

எந்த நாட்டு வசந்தத்தை இவர்கள் இங்கே கொண்டாடுகிறார்கள் என்ற கேள்வி எனக்கு அன்றுதான் எழுந்தது.

*

அந்தக் கேள்வி யூதர்களுக்கு மிகப் பழையது. அவர்களுடைய மாதம் சந்திரனைப் பின்பற்றும். பண்டிகை பருவத்தைப் பின்பற்றவேண்டும். பன்னிரண்டு சந்திர மாதங்கள் சூரிய ஆண்டைவிடப் பதினொரு நாள் குறைவு. அப்படியே விட்டால் வசந்தத்தில் வரவேண்டிய பெஸாக் பண்டிகை பின்னோக்கி நகர்ந்து மாரிக்குள் போய்விடும். அதனால் 19 ஆண்டுகளில் 7 ஆண்டுகளுக்கு ஒரு மாதத்தைக் கூட்டுகிறார்கள். பெஸாக் வரும் மாதத்துக்கு வேதத்தில் உள்ள பெயரே முற்றிவரும் பார்லிக் கதிரைக் குறிப்பது. கதிர் விளையாமல் மாதம் வரக்கூடாது.

இது ஒரு சிறு நிலத்தின் வானிலைக்குச் செய்த கணக்கு. மக்கள் சிதறியபோது கணக்கும் அவர்களுடன் போனது. போன இடங்களில் மழை வேறு நேரத்தில் பெய்தது.

மழை கேட்கும் மன்றாட்டின் வரலாற்றில் இந்தச் சிக்கல் தெளிவாகத் தெரிகிறது. இஸ்ரேல் நிலத்தில் கூடாரப் பண்டிகை முடிந்து பதினைந்து நாள் கழித்துத்தான் மழையைக் கேட்கத் தொடங்குவார்கள். மிஷ்னா சொல்லும் காரணம், யாத்திரை வந்தவர்களில் கடைசி மனிதர் நனையாமல் யூப்பிரட்டீஸ் ஆற்றங்கரையிலுள்ள தன் வீட்டை அடையவேண்டும் என்பது. பபிலோனியாவில் குடியேறியவர்களுக்கு மழை அவ்வளவு அவசரமில்லை; அவர்கள் இலையுதிர்காலச் சமராத்திரி நாளிலிருந்து அறுபதாம் நாள் தொடங்கினார்கள். பிறகு நடந்ததுதான் விசித்திரம். இஸ்ரேலுக்கு வெளியே எங்கே குடியேறினாலும் யூதர்கள் இந்தப் பபிலோனியத் தேதியையே வைத்துக்கொண்டார்கள். இன்றைய நாட்காட்டியில் அது டிசெம்பர் 4 அல்லது 5 மாலை தொடங்கும். ரொறன்ரோவில் பனி வாருகிற மனிதர் மெசொப்பொத்தேமியாவின் வயலுக்கு உரிய நாளில் மழை கேட்கிறார்.

எல்லோரும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டார்கள் என்றில்லை. நினிவே நகரத்தவர்கள் கோடையிலும் தமக்கு மழை தேவை, என்ன செய்வது என்று கேட்டு அனுப்பியதைத் தல்மூத் பதிவுசெய்கிறது. பொது மன்றாட்டை மாற்றவேண்டாம், தனிப்பட்ட தேவைகளைச் சொல்லும் இடத்தில் உங்கள் மழையைக் கேளுங்கள் என்பது அவர்களுக்குக் கிடைத்த பதில். 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஜேர்மனியிலிருந்து ஸ்பெயினின் தொலேதோ நகருக்குப் போன அஷேர் பென் யெஹியேல் என்ற பெரும் சட்ட அறிஞர், அந்தந்த நாட்டின் பருவத்துக்கு ஏற்ப மழை கேட்கவேண்டும் என்று வாதாடிப் பார்த்தார். அவருடைய காலத்தவர்கள் இணங்கவில்லை.

17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் ஆண்ட பிரேசிலில், ரெசீஃபே பகுதியில் யூதர்கள் குடியேறினார்கள். பூமத்திய கோட்டுக்குத் தெற்கே அவர்களுக்கு எல்லாம் தலைகீழ். மன்றாட்டு நூல் மழை கேட்கச் சொல்லும் மாதங்களில் மழை பெய்தால் அவர்களுக்குக் கேடு. சலோனிக்கா நகரத்து ஹாயிம் ஷப்தாய்க்கு எழுதிக் கேட்டார்கள். அமெரிக்கக் கண்டத்திலிருந்து யூதச் சட்ட அறிஞர் ஒருவருக்குப் போன முதல் கேள்வியாக அது கருதப்படுகிறது. அவர் நினிவேயை நினைவுபடுத்தினார். தீங்கு செய்யும் மழையைப் பண்டிகைக் கணக்குக்காகக் கேட்கவேண்டாம். உங்களுக்கு எப்போது மழை தேவையோ அப்போது, தனி மன்றாட்டில் கேளுங்கள் என்றார். பண்டிகை நாள் பழைய நிலத்தினுடையது. மழை நிற்கும் நிலத்தினுடையது.

சமையலறை இதையே சத்தமில்லாமல் செய்தது. பெஸாக் இரவில் கசப்பான இலை ஒன்று உண்ணவேண்டும். வடக்கு ஐரோப்பாவில் அந்தப் பருவத்தில் கீரை முளைப்பதில்லை. மண்ணுக்குள் கிடந்த ஹோர்ஸ்ராடிஷ் என்ற காரமான வேரைத் துருவினார்கள். உப்புத் தண்ணீரில் தோய்க்கும் பச்சை இலைக்குப் பதிலாகக் கிழக்கு ஐரோப்பாவில் பல வீடுகளில் உருளைக்கிழங்கு வந்தது. மரங்களின் புத்தாண்டுக்கு அந்த நிலத்துப் பழம் வேண்டும் என்றால் கப்பல் பயணத்தில் பழுதாகாத ஒன்றுதான் கிடைக்கும். அது காய்ந்த கரோப் நெற்று. தோல்போல் கடினமான அதைக் கடித்துப் பல் நொந்த கதை கிழக்கு ஐரோப்பிய யூதக் குடும்பங்களில் தலைமுறைகளாகச் சொல்லப்படுகிறது. எருசலேமின் சுவை அவர்களுக்கு அந்த நெற்றின் சுவையாக இருந்தது.

*

இவ்வளவும் பெரியவர்களின் வரலாறு. பிள்ளைகள் இதற்குள் வந்தது ஜேர்மனி வழியாக.

ஃபிரீட்ரிக் ஃபுரோபல் 1837இல் பாட் பிளாங்கன்பூர்க் என்ற சிற்றூரில் சிறுபிள்ளைகளுக்கான நிலையம் ஒன்றைத் தொடங்கினார். 1840இல் அதற்குக் கிண்டர்கார்டன், அதாவது பிள்ளைகளின் தோட்டம், என்று பெயர் வைத்தார். பெயர் வெறும் உவமை அல்ல. ஒவ்வொரு பிள்ளைக்கும் சொந்தமாக ஒரு சிறு பாத்தி, எல்லோருக்கும் பொதுவாகச் சில பாத்திகள் என்று அவர் திட்டமிட்டார். தன் பாத்தியில் பிள்ளை தான் விரும்பியதை நடலாம். தண்ணீர் விடாவிட்டால் அது வாடுவதையும் தானே பார்க்கலாம். பொதுப் பாத்தியில் மற்றவர்களோடு சேர்ந்து உழைக்கவேண்டும். பிரஷ்ய அரசுக்கு இது ஆபத்தான சிந்தனையாகப் பட்டது. 1851இல் தடைசெய்தார்கள். அடுத்த ஆண்டு ஃபுரோபல் இறந்தார். தடை நீங்கியது 1860இல்.

இந்தக் கருத்தை முன்கூட்டியே பற்றிக்கொண்டவர்களில் யூதப் பெண்களும் இருந்தார்கள். ஹம்பேர்க்கில் யோஹான்னா கோல்ட்ஷ்மிட், சமயப் பகையைக் குறைக்கக் கிறிஸ்தவ, யூதப் பெண்கள் சேர்ந்து இயங்கிய சங்கத்தை முன்னின்று நடத்தியவர். 1849இல் ஃபுரோபல் அந்நகருக்கு வந்து பெண்களுக்குப் பயிற்சி கொடுத்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. பெர்லினில் லீனா மோர்கன்ஸ்டேர்ன், ஃபுரோபல் முறைக்கான கைந்நூல் ஒன்றை 1860களின் தொடக்கத்தில் எழுதினார். பிற்காலத்தில் ஏழைகளுக்கான கஞ்சிச் சாலைகள் நடத்தி ‘சூப் லீனா’ என்று பெயரெடுத்தவர் இவரே. யூதர் அல்லாத பிள்ளையும் யூதப் பிள்ளையும் ஒரே பாத்தியில் கிண்டினால் வளர்ந்தபின் ஒருவரை ஒருவர் வெறுக்கமாட்டார்கள் என்ற நம்பிக்கை அந்தக் காலத்துக்கு இருந்தது. அதன் பின்னர் ஜேர்மனியில் நடந்ததை நாம் அறிவோம்.

கிழக்கே வேறொரு நம்பிக்கை அந்தத் தோட்டத்துக்குள் வந்தது. மொழி.

எபிரேயம் மன்றாடவும் படிக்கவும் பயன்பட்ட மொழி. அதில் வீட்டில் பேசுவோர் இருக்கவில்லை. அதை மீண்டும் பேச்சுமொழியாக்க விரும்பியவர்கள், பெரியவர்களால் அது முடியாது, சிறுபிள்ளைகளால்தான் முடியும் என்பதைக் கண்டுகொண்டார்கள். பலஸ்தீனத்தில் ரிஷோன் லெசியோன் என்ற குடியேற்றத்தில் 1898இல் முதல் எபிரேயச் சிறுவர் தோட்டம் தொடங்கியது. ‘கன்’ என்றால் தோட்டம். ஆசிரியைக்கு அவர்கள் வைத்த பெயர் ‘கனெனெத்’. தோட்டக்காரன் என்ற சொல்லின் உறவுச் சொல். அந்தத் தோட்டக்காரிகளின் தலையிடி பெரியது. ஆழமான தத்துவத்துக்கு எபிரேயத்தில் சொல் இருந்தது. பிள்ளை விரல் நீட்டிக் காட்டும் பூச்சிக்கும் புல்லுக்கும் பொம்மைக்கும் சொல் தேடவேண்டியிருந்தது. நான்கு வயதுப் பிள்ளை கையில் பிடித்திருக்கும் பொருளுக்குப் பெயர் கேட்டால் நாளைக்கு வா என்று சொல்லமுடியாது. பழைய நூல்களைத் துழாவினார்கள், இல்லாவிட்டால் ஆக்கினார்கள். மாலையில் பிள்ளை அந்தச் சொல்லை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தாய்க்குச் சொல்லிக்கொடுத்தது.

1913இல் உக்ரேனியப் பகுதியிலிருந்து எருசலேமுக்கு ஓவியம் படிக்க வந்த லெவின் கிப்னிஸ் என்ற இளைஞர், சிறுவர் தோட்டங்களில் பண்டிகைக்குப் பாடப் பாட்டில்லை என்று அறிந்து எழுதத் தொடங்கினார். வாழ்நாள் முழுக்க எழுதினார். மழை, விதைப்பு, அறுவடை, பாதாம் பூ என்று ஆண்டு முழுவதற்கும் அவருடைய பாடல்கள் உண்டு.

அதே ஆண்டுகளில் வார்சோவில், யெஹியேல் ஹால்பெரின் என்ற கல்வியாளர் 1909இல் எபிரேயச் சிறுவர் தோட்டம் நிறுவினார். யிட்ஸ்ஹாக் அல்ட்டர்மனும் அவரோடு சேர்ந்து பணியாற்றினார். ஆசிரியைகளுக்குப் பயிற்சி வகுப்புகளும் நடந்தன. பிற்காலத்து எபிரேயக் கவிதையின் இரு பெரிய பெயர்களான யோனதான் ரதோஷும் நதான் அல்ட்டர்மனும் முறையே இவ்விருவரின் பிள்ளைகள். போலந்தின் உறைபனிக்குள், பாதாம் மரம் பூத்துவிட்டது என்று பாடிய சிறுவர்களைக் கற்பனை செய்து பாருங்கள். தான் பார்த்திராத மரத்தைப் பற்றி, தன் தாய் பேசாத மொழியில். ரொறன்ரோவில் எமது தமிழ்ப் பள்ளி ஒன்றில் சனிக்கிழமை காலை ஒரு மணிநேரம் உட்கார்ந்தவருக்கு அந்தக் காட்சி அந்நியமாக இராது.

*

இனி இந்த வரலாற்றின் மறுபக்கம்.

1890இல் ஸெயேவ் யாவெட்ஸ் என்ற ஆசிரியர், ஸிக்ரோன் யாக்கோவ் குடியேற்றத்தில், மரங்களின் புத்தாண்டன்று மாணவர்களை அழைத்துச்சென்று மரம் நட்டார். அதற்கு முன் அந்த நாளில் பழம் உண்ணும் வழக்கம்தான் இருந்தது. 16ஆம் நூற்றாண்டின் ஸஃபெத் நகரத்து ஞானிகளின் மரபில் வந்தவர்கள் அதை நான்கு கிண்ண மதுவோடு ஒரு சடங்காகவே வளர்த்திருந்தார்கள். நடும் வழக்கம் யாவெட்ஸோடு தொடங்குகிறது. 1908இல் எபிரேய ஆசிரியர் சங்கம் அதைப் பொது வழக்காக்கியது. 1901இல் நிறுவப்பட்ட யூத தேசிய நிதியம் உலகெங்கும் யூத வகுப்பறைகளில் நீல உண்டியல் வைத்தது. பிள்ளைகள் சில்லறை போட்டார்கள். அவர்கள் பெயரில் தொலைவில் ஒரு மரம் நின்றது. அந்த நிதியம் தன் கணக்கில் 24 கோடிக்கும் மேற்பட்ட மரங்களை நட்டதாகச் சொல்கிறது.

அந்த மரங்கள் வெற்று நிலத்தில் மட்டும் நடப்படவில்லை. எருசலேமுக்கு மேற்கே, லத்ரூன் அருகே, 1967 ஜூன் வரை இம்வாஸ், யாலு, பெய்த் நூபா என்று மூன்று பலஸ்தீனக் கிராமங்கள் இருந்தன. மக்கள் வெளியேற்றப்பட்டு வீடுகள் இடிக்கப்பட்டன. இம்வாஸும் யாலுவும் இருந்த இடத்தில் 1970களில் ஒரு பெரிய பூங்கா எழுந்தது. கனடிய யூதர்களின் நன்கொடையில் உருவானதால் அதன் பெயர் கனடாப் பூங்கா. இஸ்ரேலியர்களே நடத்தும் சோக்ரோத் என்ற அமைப்பு நீதிமன்றம் போன பிறகே, அந்தக் கிராமங்களின் பெயரைச் சொல்லும் பலகைகள் அங்கே வந்தன. அவையும் பின்னர் சேதமாக்கப்பட்டன. இப்படிப் பல இடங்களில் பழைய கிராமத்து வேலியாக நின்ற நாகதாளி வெட்ட வெட்டத் துளிர்த்து, காணி எல்லையை இன்றும் காட்டிக்கொண்டு நிற்கிறது.

இதை வாசித்தபோது மகளின் வகுப்பறை அலுமாரியில் இருந்த நீல உண்டியல் எனக்கு நினைவுக்கு வந்தது. இன்னொன்றும் வந்தது. எங்கள் குடும்பக் காணி வலிகாமம் வடக்கில். 1990இல் ஊரே எழும்பியபோது எனக்குப் பதினொரு வயது. கால் நூற்றாண்டு கழித்துக் காணி திரும்பிக் கிடைத்தது. பெரியப்பா பார்க்கப் போனார். வீடு இல்லை, வேலி இல்லை, ஒழுங்கை இல்லை. கிணற்றை வைத்துத்தான் எல்லை பிடித்தார். அந்தச் செம்மண்ணில் நாங்கள் நடாத மரங்கள் நிழல் விரித்து நின்றன. நல்ல மரங்கள்தான். ஒரு மரம் எதையெல்லாம் மூடிவிடும் என்பது எங்களுக்குத் தெரியும்.

மூன்று வயதுப் பிள்ளை விதை போடுவதில் குற்றமில்லை. ஆனால் பிள்ளையின் கைக்கு எட்டாத ஒரு நிலத்தை, அது உனக்காகவே காலியாகக் காத்திருக்கும் தோட்டம் என்று சொல்லி வளர்ப்பது வேறு காரியம். எல்லா ஊர்களிலும் யாரோ வாழ்ந்திருக்கிறார்கள். ஊரை இழந்தவர்கள் இதை மற்றவர்களைவிட நன்றாக நினைவில் வைத்திருக்கவேண்டும். யூத வேதமே இதற்கு இடம் வைத்திருக்கிறது. தன் நிலத்தின் முதற்கனியைக் கொண்டுவந்து படைக்கும் கமக்காரன், என் முன்னோர் நாடோடிகளாக, அந்நியராக இருந்தவர்கள் என்ற கதையை வாயால் சொல்லித்தான் கூடையைக் கீழே வைக்கவேண்டும் என்பது விதி. விளைச்சலின் நடுவே நின்று அதைச் சொல்லவேண்டும்.

*

மகளின் முன்பள்ளியில் நான் மதித்தது, தொலைநிலத்து மரத்தைவிடக் கையருகே இருந்த கோப்பைக்கு அவர்கள் கொடுத்த இடம். ஷெவாத் பூரணையில் விதைத்த பார்ஸ்லி, பெஸாக் இரவில் உப்புத் தண்ணீரில் தோய்க்கும் பச்சை இலையாகும். இடையில் இரண்டு மாதம். கூட்டிய மாதம் வரும் ஆண்டில் மூன்று. பார்ஸ்லி முளைக்க மூன்று வாரம்வரை எடுக்கும். நான்கு வயதில் மூன்று வாரம் ஒரு யுகம். சில பிள்ளைகள் விதை இருக்கிறதா என்று கிண்டிப் பார்த்துக் கெடுத்தார்கள். ஆசிரியை ஏசவில்லை, இன்னொரு விதை கொடுத்தார். மாரி வெளிச்சம் குறைவு என்பதால் செடிகள் மெலிந்து யன்னல் பக்கம் சாய்ந்தன. பிள்ளைகள் நாளுக்கு ஒருதடவை கோப்பையைத் திருப்பி வைத்தார்கள். ஏப்ரலில் மகள் நான்கு இலையோடு வீட்டுக்கு வந்தாள். நான்கும் அவளுடையவை.

மார்ச் மாதத்தில் ஒருநாள் அவர்களைப் பள்ளிக்குப் பின்னாலிருந்த மேப்பிள் மரத்தடிக்குக் கூட்டிப்போனார்கள். ஒன்ராறியோவில் இரவு உறைந்து பகல் உருகும் அந்த வாரங்களில்தான் மேப்பிளில் சாறு ஏறும். எருசலேமில் மரங்கள் எழும்பி இரண்டு மாதம் ஆகிறது, இங்கே மரங்கள் பிந்தி எழும்பும், இவை இந்த ஊர் மரங்கள் என்று ஆசிரியை சொன்னாராம். ரெசீஃபேக்குக் கிடைத்த பதிலை ஒரு முன்பள்ளி ஆசிரியை மேப்பிள் மரத்தடியில் நின்று சொல்லியிருக்கிறார். அவர் ஹாயிம் ஷப்தாயைப் படித்தாரா என்பது தேவையில்லாத கேள்வி.

*

ஷெவாத் பதினைந்தும் எமது தைப்பூசமும் பெரும்பாலான ஆண்டுகளில் ஒரே பூரணையில்தான் வருகின்றன. 2021இல் இரண்டும் ஜனவரி 28. 2024இல் இரண்டும் ஜனவரி 25. மற்ற ஆண்டுகளில் ஒன்றிரண்டு நாள் முன்பின்னாக அமையும். யாழ்ப்பாணத்தில் தைப்பூசத்தை ஒட்டிப் புதிர் எடுப்பார்கள். வயலில் முதலில் விளைந்த கதிரை அறுத்து வந்து வைத்து, புதிய அரிசியில் பொங்கி உண்ணும் நாள். யூதக் கமக்காரனுக்கும் இதே வழக்கம் இருந்தது: மரத்தில் முதலில் பழுத்த அத்திப்பழத்தைக் கண்டதும் அதில் ஒரு நாணற் கீற்றைக் கட்டி, இது முதற்கனி என்று அடையாளம் வைக்கச் சொல்கிறது மிஷ்னா. ஒரே நிலாவின் கீழ் இரண்டு கமக்காரச் சமூகங்கள் மழை முடிந்ததைக் கணக்குப் பார்த்தன.

இங்கே எமது தை எப்படி இருக்கிறது? ஒன்ராறியோ மாகாணம் 2014இலும் கனடிய நாடாளுமன்றம் 2016இலும் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றன. மண்டபங்கள் நிறைகின்றன. கராஜுக்குள் பொங்கிப் பால் வழிய விடுகிறோம். பிள்ளைகள் மேடையில் உழவர் நடனம் ஆடுகிறார்கள். நன்றாகவே ஆடுகிறார்கள். ஆனால் ஆடும் பிள்ளைக்கு நெல் எப்படி முளைக்கும் என்று தெரியாது. புதிர் என்ற சொல்லைக் கேட்டால் விடுகதை என்று நினைக்கும். பருவத்தைப் பற்றிய பண்டிகையை எமது பிள்ளைகள் கண்ணால் பார்க்கிறார்கள், கையால் தொடுவதில்லை.

தொடுவதற்கு எதுவும் இல்லை என்றில்லை. ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் உள்ள எமது வீடுகளின் நிலக்கீழ் அறைகளுக்குள் போய்ப் பாருங்கள். தை முடிந்து மாசி பிறக்கும்போது அம்மம்மாக்களும் அப்பப்பாக்களும் மிளகாய், கத்தரி விதைகளைத் தட்டுகளில் போட்டு, குழல்விளக்குக்குக் கீழே வைத்திருப்பார்கள். மே மாதக் கடைசியில் உறைபனி ஆபத்து நீங்கிய பிறகே கன்றுகள் வெளியே போகும். மிளகாய்க் கன்று தேறப் பத்து வாரமாவது வேண்டும் என்பதால் அதற்குக் கணக்கான நேரம் இதுதான். யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் படித்த கமத்தை ஒன்ராறியோவின் வானிலைக்குத் திருத்தி எழுதிய பஞ்சாங்கம் அது. எந்தப் புத்தகத்திலும் இல்லை. அதை வைத்திருப்பவர்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது. அவர்கள் விதை போடும் நேரத்தில் பேரப்பிள்ளைகள் மேல்மாடியில் தமிழ் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

மேலே இருக்கும் பிள்ளையைக் கீழே கூப்பிடுவதற்கு அமைப்பு வேண்டாம், நிதி வேண்டாம். தைப்பூசத்தன்று ஒரு தட்டு, கொஞ்ச மண், காய்ந்த மிளகாயிலிருந்து உதிர்த்த பத்து விதை. மிளகாய் விதை தொட்ட விரலைக் கண்ணில் வைக்காதே என்று அம்மம்மா சொல்லும் வசனம்தான் முதற்பாடம். நாற்று, கன்று, பாத்தி, கொப்பு, பிஞ்சு என்ற சொற்கள் அந்தத் தட்டிலிருந்து ஆவணி வரை ஒவ்வொன்றாக வரும். பொருள் கையில் இருக்கும்போது வரும் சொல் நிற்கும் என்பதை ரிஷோன் லெசியோனின் தோட்டக்காரிகள் நூறு ஆண்டுகளுக்கு முன்பே காட்டிவிட்டார்கள்.

பூரணை ஊருடையதாக இருக்கட்டும். ஊரில் இப்போது யார் இருக்கிறார்கள், யார் இருக்கவில்லை என்பதையும் பிள்ளைக்கு வயது வரும்போது சொல்லுவோம். முளைத்த கன்றுக்கு வேண்டிய மழையை மட்டும், ரெசீஃபேயில் குடியேறியவர்களுக்குச் சொல்லப்பட்டதுபோல, நிற்கிற இடத்தில் நின்று கேட்போம்.